சாலையிலிருந்து இருபது அடி

சென்னையின் நடுப்பகுதியில் மனை வைத்திருப்பவர்கள் என் அலுவலகத்துக்கு வந்து, பத்திரத்தையும் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தையும் மேசைமேல் விரித்ததும் கேட்கும் முதல் கேள்வி, “மேடம், எத்தனை மாடி கிடைக்கும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. தியாகராய நகரிலோ ராயப்பேட்டையிலோ இரண்டு கிரவுண்ட் நிலம் என்பது ஒரு குடும்பத்தின் பல தலைமுறைச் சேமிப்பு. அதில் ஓர் அடிகூட வீணாகக் கூடாது என்று அவர்கள் நினைப்பதில் என்ன தவறு? நானும் கணக்குப் போட்டுச் சொல்வேன். ஆனால் பென்சிலை எடுத்தால் நான் முதலில் வரைவது மாடிகளை அல்ல. சாலை ஓரத்திலிருந்து உள்ளே வரும் முதல் இருபது அடியைத்தான்.

கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் வாடகைக்கு வருபவருக்கும் மேல் மாடிகள் சொந்தம். தெருவில் நடப்பவருக்கு அந்த இருபது அடிதான் முழுக் கட்டடமும். பேருந்துக்கு நிற்பவர், பூ விற்பவர், பள்ளி விட்டு வரும் பிள்ளை, வெயிலில் ஒதுங்க இடம் தேடும் கூரியர் பையன், இவர்கள் யாரும் ஆறாவது மாடிக்கு வரப்போவதில்லை. ஊர் நடுவில் நாம் கட்டும் கட்டடம் இவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடுதான் இத்தனை வருடமாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறேன். அதை ஒவ்வொரு மனையிலும் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் கணக்கு. சென்னையில் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. தியாகராய நகரின் பழைய மனைகளில் நாற்பது அடி அகலமும் நூற்று இருபது அடி ஆழமுமாக இரண்டு கிரவுண்ட் மனைகள் நிறைய உண்டு. அதாவது 4,800 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதம், ஒன்றரை என்று இருந்த காலத்தில் அதில் 7,200 சதுர அடி கட்டலாம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை இரண்டாக உயர்த்தின. இப்போது 9,600 சதுர அடி கட்டலாம். உயர்மாடிக் கட்டடம் என்று கருதப்படாத கட்டடத்தின் உயர வரம்பும் 15.25 மீட்டரிலிருந்து 18.30 மீட்டர் ஆயிற்று. இந்த இரண்டு எண்கள் மாறியதும் ஊர் நடுவில் ஒரு தலைமுறையாகப் பேசாமல் கிடந்த பங்காளிகள்கூடக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கின.

முன்பக்கம் விட வேண்டிய இடமும் விதியில் இருக்கிறது. சாலையின் அகலத்தைப் பொறுத்து ஒன்றரை மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரை போகும். ஆறு மீட்டர் என்றால் ஏறக்குறைய இருபது அடி. எவ்வளவு விட வேண்டும் என்று விதி சொல்லும். விட்ட இடத்தை என்ன செய்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

அந்த இடத்துக்கு எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பது வரைபடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். மின்வாரியத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் இடம் வேண்டும். பழுது பார்க்க வரும் வண்டி நேராக வந்து நிற்க வேண்டும் என்பதால் அது சாலையை ஒட்டியே இருக்க வேண்டும் என்பார்கள். தண்ணீர் லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் சம்ப்பின் மூடி இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு இடம், காவலாளிக்கு ஒரு கூண்டு, விளம்பரப் பலகைக்கு இரண்டு தூண், இரு சக்கர வண்டிகளுக்கு ஒரு வரிசை. இவை எல்லாவற்றையும்விட இடத்தை விழுங்குவது பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சாய்தளம். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் பத்து அடி ஆழம் இறங்க எண்பது அடி நீளம் வேண்டும். நூற்று இருபது அடி மனையில் எண்பது அடி சாய்தளத்துக்கே போய்விட்டால், நாற்பது அடி அகலத்தில் பன்னிரண்டு அடியை அது தின்றுவிட்டால், மனிதர் நுழைய மீதி என்ன இருக்கும்? அதனால்தான் சிறிய மனைகளில் பேஸ்மென்ட் வேண்டாம், கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி நிறுத்தும் இயந்திரம் வைத்துக்கொள்வோம் என்று நான் வாதாடுவேன்.

பேஸ்மென்ட் இல்லையென்றால் ஸ்டில்ட். கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வராது என்பதால் எண்பதுகளுக்குப் பிறகு ஊர் முழுக்கத் தூண்மேல் நிற்கும் கட்டடங்கள் எழும்பின. தெருவின் இரு பக்கமும் தரைத்தளத்தில் மனித முகம் தெரியாமல் போனது. முன்னால் ஆறடிக் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கதவு, உள்ளே மங்கலான வெளிச்சத்தில் கார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அப்படிப்பட்ட தெருவில் தனியாக நடந்து வரும் பெண்ணுக்குச் சுவர் மட்டும்தான் துணை. கடை வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் விழும் தெரு எவ்வளவு பாதுகாப்பானது என்பதை நடந்து பழகியவர்களிடம் கேட்க வேண்டும்.

நம் ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. தெருவை ஒட்டித் திண்ணை, திண்ணைக்கு மேல் தூண் தாங்கிய கூரை. வழிப்போக்கர் உட்காரலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோடின் கதை வேறு. அங்கே முதலில் தோட்ட வீடுகள்தான் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெரிய கடைகள் சாலையை நோக்கி வந்தன. 1897-இல் எழுந்த கார்டைல் கட்டடம், பின்னாளில் பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்றது. 1904-இல் ஹிக்கின்பாதம்ஸ் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. பாரத் கட்டடத்தை 2006-இல் இடிக்க ஆரம்பித்தபோது வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். அதன் கோபுரங்களில் செடி முளைத்துக் கிடப்பதைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிவிட்டுக் கைவிடுவது இடிப்பதைவிட மெதுவாக நடக்கும் இடிப்பு.

பிறகு 1959. அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்ட வருடம். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கியது. லண்டனைச் சேர்ந்த பிரவுனும் மௌலினும் வடிவமைக்க ஆரம்பித்து, சென்னையின் எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தார். இடையில் 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனதால் கட்டடம் எல்.ஐ.சி.க்குப் போயிற்று. 177 அடி. அப்போது இந்தியாவிலேயே உயரமானது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். சினிமாவில் கதாநாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்பதைக் காட்ட அந்த ஒரு கட்டடமே போதும். 1975-இல் தீப்பிடித்தும் நிலைத்து நின்றது. அந்தக் கட்டடத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதற்குப் பிறகுதான் இந்த ஊர் கட்டடத்தை அண்ணாந்து மட்டுமே பார்க்கப் பழகியது என்றும் நினைக்கிறேன். உயரம்தான் பெருமை, அடிவாரம் காவலாளியின் பொறுப்பு என்றாகிவிட்டது.

வரைபடத்தில் இருபது அடியைக் காப்பாற்றிவிட்டாலும், மண்ணைத் தோண்ட ஆரம்பித்ததும் வேறு விஷயங்கள் வரும்.

தியாகராய நகர் நின்றுகொண்டிருப்பது ஏரியின்மேல். மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் தொட்டுக்கொண்டு நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1923-இல் வடித்துத்தான் இந்த நகரை அமைத்தார்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலம். அதனால்தான் பனகல் பூங்கா, தியாகராய நகர் என்று அந்தக் கட்சித் தலைவர்களின் பெயர்கள் எல்லாம். ஏரி போய் நூறு வருடம் ஆனாலும் போர்ஹோல் போட்டு மண் எடுத்தால் கறுப்புக் களிமண் இன்றும் வரும். கையில் உருட்டினால் மெழுகுபோலத் திரளும். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். இந்த மண்ணில் பைல், அதாவது ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண், போடாமல் பெரிய கட்டடம் நிற்காது. நெருக்கமான மனையில் பெரிய இயந்திரம் நுழையாது என்பதால் முக்காலி ரிக்தான் வரும். நாள் முழுக்க அதன் சத்தமும் பென்டோனைட் சேறுமாகத் தெருவே திணறும்.

பக்கத்து மனையில் பழைய வீடு இருந்தால் அடுத்த கவலை. ஒரு வேலையில் எங்கள் மனையை ஒட்டி 1940-களில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் வசித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கல்லை நிறுத்திவைத்து, மூலைவிட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கடைசியில் தட்டோடு பதித்த தளம். சுவர் ஒன்றரை அடி கனம். அஸ்திவாரம் மட்டும் மூன்று நான்கு அடிக்குமேல் போகாது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அடி பள்ளம் தோண்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரையும் இறைத்தால், தண்ணீரோடு மணலும் நழுவும். அவர்கள் சுவர் இறங்கும்.

அதனால் தோண்டுவதற்கு முன்பே அவர்கள் வீட்டின் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, இருக்கும் விரிசல்களை எல்லாம் குறித்துக்கொண்டோம். பெரிய விரிசல்களின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை இரு முனையிலும் பூச்சு வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினோம். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். அந்தப் பெரியவர் பின்னால் கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, இது உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“உடனே மோட்டாரை நிறுத்திடுவோம் ஐயா. பள்ளத்துல மண்ணைத் திருப்பிக் கொட்டிடுவோம். அப்புறம்தான் என்ன ஏதுன்னு பார்ப்போம்.”

“ராத்திரி உடைஞ்சா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் தயார்ப் பதில் இல்லை. என் கைப்பேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இறைத்த தண்ணீரில் ஒரு பகுதியை அவர் சுவருக்கு அருகில் ஒரு குழியில் திருப்பிவிட்டு அங்கே நீர்மட்டம் இறங்காமல் பார்த்துக்கொண்டோம். சுவர் ஓரம் நெருக்கமாகப் பைல்களை இறக்கிய பிறகே உள்பக்கம் தோண்டினோம். தினமும் காலையில் அவரே டார்ச் அடித்துக் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு எங்கள் மேஸ்திரியிடம் “இன்னிக்கு எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்றுகூட உடையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை எதிரியாக நினைத்து வேலை தொடங்கும் முதலாளிகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: அவரைவிட நல்ல சூப்பர்வைசர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

மழைக் கணக்கும் உண்டு. தை, மாசியில் தோண்டத் தொடங்கி ஐப்பசிக்குள் அடித்தள ராஃப்ட் போட்டு, மண்மட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும். அனுமதி தாமதமாகி ஆவணியில் பள்ளம் வெட்ட நேர்ந்தால், மழை முடியும்வரை வேலையைத் தள்ளிவைக்கச் சொல்வேன். வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு அது கசக்கும். வடகிழக்குப் பருவமழை யாருடைய வட்டிக்கும் காத்திருக்காது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு வந்த வெள்ளம் எங்கள் தொழிலையே மாற்றியது. ஊர் முழுக்கப் பேஸ்மென்ட்களில் தண்ணீர் நிரம்பி, அங்கே வைத்திருந்த மின்பலகைகளும் ஜெனரேட்டர்களும் மூழ்கின; மேல் மாடியில் இருந்தவர்கள் தண்ணீர் வற்றிய பிறகும் விளக்கில்லாமல், மோட்டார் ஓடாமல் தவித்தார்கள். அதற்குப் பிறகு மின்பலகை அறையைத் தரைக்குக் கீழே வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் செய்த இன்னொரு காரியம்தான் தெருவைப் பாதித்தது. தரைத்தளத்தை நான்கடி, ஐந்தடி தூக்க ஆரம்பித்தார்கள்.

காரணம் வெள்ளம் மட்டும் அல்ல. சாலையே ஏறிக்கொண்டிருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டுப் போட்டு, ஊர் நடுவில் பல பழைய வீடுகளுக்குள் இப்போது இரண்டு படி கீழே இறங்கித்தான் நுழைய வேண்டும். சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் அரசு கண்டிப்பாக உத்தரவிட்டது. ஆனாலும் பயந்தவர்கள் பயந்தவர்கள்தான். மனை வாங்கியதுமே “அஞ்சு அடி ஏத்திடுங்க மேடம்” என்கிறார்கள்.

ஐந்தடி ஏற்றினால் முன்னால் பத்துப் படிக்கட்டு வரும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் அறுபது அடி வேண்டும். இருபது அடியில் அறுபது அடியை எங்கே மடித்து வைப்பது? கடைசியில் சாய்தளம் பெயருக்கு ஒரு செங்குத்துப் பலகையாக ஓரத்தில் ஒதுங்கிவிடும். முழங்கால் வலிக்காரர் படியைப் பார்த்ததும் திரும்பிப் போவார்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, வாசலைத் தூக்காமல் உள்ளே தூக்குவது. முன்கூடத்தை நடைபாதையின் மட்டத்திலேயே வைக்கிறோம். அது நனையும் என்று ஒப்புக்கொண்டே கட்டுகிறோம். தரைக்கு கிரானைட், சுவருக்கு நான்கடி உயரம்வரை கடப்பாக்கல், பிளக் எல்லாம் இடுப்புக்கு மேலே, மரமோ ஜிப்சம் பலகையோ கீழே கிடையாது. லிஃப்டும் கடைகளும் உள்பக்கம் உயர்ந்த தளத்தில் இருக்கும். அதற்கு ஏறும் சாய்தளம் கட்டடத்துக்குள்ளேயே ஓரமாகப் போகும். வெள்ளம் வந்தால் முன்கூடம் நனையும். வடிந்ததும் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டால் முடிந்தது. நடந்து வருபவருக்கு ஒரு படிகூட இல்லை.

அந்த மட்டத்தை அமைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடைபாதையிலிருந்து முன்கூடம் ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும்; ஆனால் மழைநீர் உள்ளே வரக் கூடாது, சாலைக்கும் போகக் கூடாது, ஓரத்து ஜல்லிக் குழிக்குள் இறங்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பலர் அதை மொட்டை மாடிக் குழாயோடு முடித்துவிடுகிறார்கள். முன்பக்கத் தரையில் விழும் மழை நேரே சாலைக்கு ஓடுகிறது. எங்களிடம் வரும் ஒரு மேஸ்திரி, விழுப்புரம் பக்கத்துக்காரர், ரசமட்டம் வைத்து எல்லாம் சரிபார்த்த பிறகும் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து ஈரக் கலவைமேல் மெல்ல ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். தண்ணீர் ஒரு நொடி தயங்கி, பிறகு குழியை நோக்கி மெல்ல நகரும். “வாட்டம் பிடிச்சிருச்சும்மா” என்பார். இப்போது வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வருகிறார்கள். மேஸ்திரிக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அந்த மக்குத் தண்ணீரை வைத்தே அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது நிழல். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையில் ஒருமுறையும் ஆவணித் தொடக்கத்தில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில், கத்திரி வெயில் உட்பட, நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று குளிர்நாட்டுப் புத்தகத்தில் படித்துவிட்டு வடக்கு முழுக்கக் கண்ணாடி வைப்பவர்கள் மே மாதத்தில் கஷ்டப்படுவது அதனால்தான். அண்ணா சாலையோ வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. அதன் தென்கிழக்கு ஓரத்துக் கட்டடங்கள் எல்லாம் வடமேற்கைப் பார்க்கின்றன. கோடைகால மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். தாழ்ந்து வரும் அந்த வெயிலை ஜன்னலுக்கு மேல் நீளும் கிடைமட்டச் சஜ்ஜா தடுக்காது. செங்குத்தான பட்டைகள் வேண்டும். இந்த எளிய விஷயத்தை விட்டுவிட்டு, இரண்டாயிரங்களில் கண்ணாடியும் அலுமினியத் தகடும் ஒட்டிய முகப்புகள் வந்தன. உள்ளே ஏ.சி. போட்டுக்கொள்ளலாம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் எதிர் நடைபாதையில் நிற்பவரின்மேல் விழுகிறதே, அவருக்கு யார் ஏ.சி. போடுவது?

முன்னால் தூண் வைத்த வராந்தா கட்டலாம் என்றால், அந்தப் பரப்பு எஃப்.எஸ்.ஐ.யில் சேரும். முதலாளி உள்ளே இழக்க வேண்டியிருக்கும். விதி அனுமதிக்கும் சஜ்ஜா இரண்டடிதான். அதனால் முதல் மாடியை முன்தள்ளி அதன் அடியில் நிழல் உண்டாக்குவது, கட்டடத்தின் கோட்டை ஆறடி உள்ளே தள்ளி வாசலை அமைப்பது என்று ஒவ்வொரு மனையிலும் வேறு வேறு தந்திரம். நடப்பவருக்கு நிழல் தரும் வராந்தாவை எஃப்.எஸ்.ஐ. கணக்கிலிருந்து முழுக்க விலக்கிவிட்டால் அண்ணா சாலையும் உஸ்மான் சாலையும் பத்து வருடத்தில் மாறிவிடும் என்பது என் கருத்து. ஸ்டில்டில் நிற்கும் காருக்குத் தருகிற சலுகையை நிழல் தேடும் மனிதருக்கும் தரலாமே.

உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு வேலையில் இதற்காக ஒரு கடைக்காரரோடு பல மாதம் பேசினேன். தென்மாவட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்து, மூட்டை தூக்கி, படிப்படியாக முன்னேறியவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே.

“முன்னாடி சும்மா விட்டா எனக்கு என்ன லாபம் சொல்லுங்க? ஷட்டரை ரோட்டு வரைக்கும் இழுத்தா இன்னும் ரெண்டு ராக்கு போடலாம்லா?”

“அண்ணாச்சி, உங்க கடைக்குப் பொம்பளைங்கதான் வர்றாங்க. கூட வர்ற ஆம்பளைங்க எங்க நிக்கிறாங்க?”

“வெளிய வெயில்லதான் நிக்காங்க.”

“அவங்க அவசரப்படுத்தினா உள்ள இருக்கிறவங்க எவ்வளவு நேரம் புடவை பார்ப்பாங்க?”

அவர் பேசாமல் இருந்தார். அடுத்த வாரம் ஃபோன் செய்து, எவ்வளவு நீளத்துக்குத் திண்ணை வரும் என்று கேட்டார். முன்பக்கம் முழுக்க ஒன்றரை அடி உயரத்தில், வழவழப்பான சிமென்ட் பூச்சில் ஒரு திண்ணை கட்டினோம். மேலே முன்தள்ளிய முதல் மாடியின் நிழல். கடைக்கு வருபவர்கள் உட்கார்ந்தார்கள். பேருந்துக்கு நிற்பவர்களும் உட்கார்ந்தார்கள். முதல் மாதம் காவலாளி அவர்களை விரட்டப் பார்த்தார். அண்ணாச்சியே “இருக்கட்டும்பா” என்று தடுத்ததை நான் பார்த்தேன். அடுத்த கோடையில் திண்ணையின் ஓரத்தில் இரண்டு மண்பானை வைத்துத் தண்ணீர்ப் பந்தலும் போட்டுவிட்டார். அது என் வரைபடத்தில் இல்லாதது.

அதே உஸ்மான் சாலையில் 2017 மே 31 அன்று பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது. பிறகு அதை முழுக்க இடித்தார்கள். அந்தப் புகையைப் பார்த்தவர்களுக்கு இந்த இருபது அடியின் இன்னொரு வேலை புரிந்திருக்கும். தீயணைப்பு வண்டி வந்து நிற்பதும் ஏணி நீட்டுவதும் அங்கேதான். உயர்மாடிக் கட்டடம் என்றால் 30 மீட்டர் உயரம்வரை சுற்றிலும் ஏழு மீட்டர் விட வேண்டும், அதற்குமேல் உயர உயர அதுவும் கூட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். அங்கே கூரை போட்டு கோடவுன் ஆக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு நடுக்கம் வரும். நிழல் தருகிறேன் என்று நானும் ஏணிக்குக் குறுக்கே கூரையை நீட்டிவிடக் கூடாது. அதனால் தீயணைப்புத் துறைக்குப் போகும் வரைபடத்தில் வண்டியின் நீளம், திரும்பும் வளைவு, ஏணியின் எட்டு தூரம் மூன்றையும் முதலிலேயே வரைந்துவிடுவேன்.

2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகல நடைபாதை திறந்தார்கள். பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலையில் கார் நின்ற இடத்தில் மனிதர்கள் நடந்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள். எங்கள் தொழிலில் அதன் விளைவு நேரடியாகத் தெரிந்தது. அதுவரை “முன்னாடி எத்தனை கார் நிக்கும்?” என்று கேட்டவர்கள், அந்தச் சாலையில் மனை இருந்தால் “நடைபாதையிலிருந்து நேரா உள்ள வர்ற மாதிரி பண்ணுங்க” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு நல்ல நடைபாதை நூறு கட்டடச் சொந்தக்காரர்களின் மனதை மாற்றும்; நான் மேசையில் உட்கார்ந்து பேசி மாற்றுவதைவிட வேகமாக. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்காவுக்கு அடியிலேயே நிலையம் வருகிறது. அங்கிருந்து மேலே ஏறி வரும் கூட்டம் முழுக்க நடந்துதான் போகும். அவர்களை நினைத்து இப்போதே கட்ட வேண்டும்.

இப்போது அண்ணா சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் அலுவலகக் கட்டடம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறோம். முப்பத்தெட்டு அடி முகப்பு. டிரான்ஸ்ஃபார்மரை வாசலுக்கு நேர் எதிரே வைக்க வேண்டும் என்று மின்வாரியத்தில் முதலில் சொன்னார்கள். அதைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, பக்கச் சுவரை ஒட்டி வைத்து, கதவை மட்டும் சாலைப் பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி வரைந்து எடுத்துப்போனேன். பொறியாளர் தானே மனைக்கு வந்து டேப் பிடித்து, வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தார். கேபிளுக்கு இன்னும் இரண்டடி விட்டால் சரி என்றார்; விட்டிருக்கிறோம். எழுத்துபூர்வமான ஒப்புதல் வர வேண்டும். வந்தால் வாசலுக்கு முன் பன்னிரண்டடி முழுசாகக் கிடைக்கும். அதில் இரண்டு பூவரசு வைக்கக் குழி குறித்தாயிற்று. அந்தக் குழிகளுக்கு அடியில் எந்தக் குழாயும் போகக் கூடாது என்று பிளம்பிங் வரைபடத்தைத் திருத்தச் சொல்லி நேற்று அனுப்பியிருக்கிறேன்.